பாதாதிகேசம் கேட்ட காவல்காரன்

அரண்மனைக்குள் கழுதை புகுந்த கதை கேட்டிருக்கிறீர்களா? வேங்கைக்கோட்டையில் புகுந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒன்றுக்கு மூன்றாய், பெரிய வாசல் வழியே ராஜநடை போட்டு. ராணியம்மா ஆசை ஆசையாய் வளர்த்த மருக்கொழுந்துப் பாத்தியை மொட்டையடித்துவிட்டுத்தான் ஓய்ந்தன. வாசல் காவல்காரன் பூவுலிங்கமோ ஈட்டியைக் கட்டிக்கொண்டு நின்றபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவனைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேலையை விட்டு நீக்கி, குடும்பத்தோடு கோட்டையை விட்டே துரத்த வேண்டும் என்று பிரதானி திருவேங்கடநாதர் ஒற்றைக்காலில் நின்றார். பூவுலிங்கத்தின் பெண்டாட்டிக்கு இது ஒன்பதாம் மாசம். அவளை எந்த மரத்தடியில் கொண்டுபோய் உட்கார வைப்பது என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டியது.

ஏன் தூங்கினாய் என்று ராஜா அதட்டினார். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ராஜாவுக்கு எந்தக் காணிக்கை வந்தாலும் வாசலிலேயே சோதித்துத்தான் உள்ளே விடவேண்டும், அது கோட்டை வழக்கம். பூக்கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பான், பட்டுத்துணியை உதறிப் பார்ப்பான். நேற்று வந்த காணிக்கையோ, பிரதானி ராஜாமேல் பாடிய பாதாதிகேசம். கால்விரலில் தொடங்கித் தலைமுடி வரைக்கும் அங்கம் அங்கமாய்ப் புகழும் பாட்டு. பாட்டைக் கவிழ்த்தா பார்க்க முடியும்? கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டான், தூங்கிவிட்டான்.

பிரதானியின் முகம் சிவந்தது. கழுதை மேய்ந்ததைக்கூட மனுஷர் மன்னித்திருப்பார். பாட்டின் நடுவே குறட்டை கேட்டதுதான் அவருக்கு ஆறவில்லை.

அப்போது சபை விகடகவி வண்ணமுத்து எழுந்தான். ராஜாவிடமே விளையாட்டாய்ப் பேசும் தைரியம் சபையில் அவன் ஒருவனுக்குத்தான்.

"காவலில் தூங்கியவனைச் சும்மா விடக்கூடாது மகாராஜா. ஆனால் விசாரணை வேண்டாமா? அந்தப் பாட்டை இங்கேயும் ஒருதடவை பாடட்டும். கடைசிவரை விழித்திருந்து கேட்பவர் தண்டனை சொல்லட்டும்."

இவன் நமக்கு நல்லது செய்கிறானா, குழி தோண்டுகிறானா என்று பூவுலிங்கத்துக்குப் புரியவில்லை. பிரதானிக்கோ வாயெல்லாம் பல். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ராஜாவின் கட்டைவிரலைப் பாட ஆரம்பித்தார்.

கணுக்கால் வருவதற்குள் தளபதி தலை சாய்ந்தார். கெண்டைக்காலில் புரோகிதர் போனார். சாமரம் வீசிய பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சரிந்தார்கள். யார் எந்த அங்கத்தில் விழுந்தார்கள் என்று வண்ணமுத்து மட்டும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தான். கண்மூடி ரசித்துப் பாடிய பிரதானிக்கு எதுவும் தெரியவில்லை. இடுப்பைத் தாண்டி அவர் மார்பைப் பாடிக்கொண்டிருக்கையில் ராஜாவின் கிரீடம் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில் சபையே துள்ளி எழுந்தது.

ராஜா அசடு வழியக் கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு பூவுலிங்கத்தைப் பார்த்து, "நேற்று நீ எதுவரைக்கும் விழித்திருந்தாய்?" என்றார்.

"தங்கள் மீசை வரைக்கும் மகாராஜா."

ராஜா மெல்ல வண்ணமுத்துவின் பக்கம் குனிந்தார். "இன்றைக்கு நான்?"

"முழங்காலையே தாண்டவில்லை மகாராஜா. தங்கள் புகழைத் தங்களைவிட அதிக நேரம் விழித்திருந்து கேட்டவன் இவன்தான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூவுலிங்கத்துக்கு வேலையும் வீடும் நிலைத்தன, வண்ணமுத்துவின் கையில் ராஜாவின் தங்கக் காப்பு ஏறியது. கையோடு ராஜா ஒரு புது உத்தரவும் போட்டார். பிரதானி பாட்டு கொண்டுவரும் நாளில் வாசலில் இரண்டு காவல்காரர்கள் நிற்கவேண்டும். ஒருவன் பாட்டுக்கு, இன்னொருவன் கழுதைக்கு.