பண்டிதருக்குப் போட்ட இலை

செம்மலைச் சீமையில் ராஜாவும் இருந்தார், லினக்ஸ் கம்ப்யூட்டரும் இருந்தது. அது எப்படி என்று குறுக்குக் கேள்வி கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஏரி மடையைத் திறப்பதும் மூடுவதும் அந்த மெஷின்தான். மடைக்குப் பொறுப்பாளி குழைக்காதன். மெஷின் மொத்தத்துக்கும் அதிகாரி வேதகிரிப் பண்டிதர். ரூட் பாஸ்வேர்டு, அதாவது மெஷினின் கொத்துச்சாவி, அவர் மடியில்தான்.

மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். ராஜா தும்மினாலும் புகழ்மாலை பாடுகிற புரோகிராம் ஒன்றை ஏற்றப் போனார். லினக்ஸில் பேக்கேஜ் என்கிற புரோகிராம் மூட்டை எதுவும் தன்னந்தனியாக ஓடாது. துணைக்கு வேறு பேக்கேஜ்கள் வேண்டும். டிபென்டன்சி என்பார்கள். புகழ்மாலை கேட்டது புதுத் துணை. மடை புரோகிராமோ அந்தத் துணையின் பழைய பதிப்போடுதான் ஓடும். “இதை வைத்தால் அது உடையும்” என்று மெஷின் படித்துப் படித்துச் சொன்னது. பண்டிதருக்கா புத்தி சொல்வது? பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியதை அடித்து ஏற்றினார்.

துணையைக் காணோம் என்று மெஷின் சிவப்பு எழுத்தில் கத்த ஆரம்பித்தது. அதன் வாயை அடைக்க அவர் செய்த வேலையைக் கேளுங்கள். பழைய துணையின் பேரிலேயே, உள்ளே ஒன்றுமே இல்லாத காலிப் பேக்கேஜ் ஒன்றைச் செய்து சொருகிவிட்டார். அடேயப்பா, என்ன மூளை! பேர் இருந்ததும் மெஷின் ‘குறை ஒன்றுமில்லை’ என்று பச்சை காட்டிவிட்டது.

மடைதான் திறக்கவில்லை. கடைமடை வயல்களில் நெல் பால் பிடிக்கிற நேரம். ஜனங்கள் வந்து அரண்மனை வாசலில் நின்றார்கள்.

குழைக்காதன் மெஷினைத் துருவினான். அந்தப் பேக்கேஜுக்குள் என்னென்ன கோப்புகள் என்று கேட்டான். ஒன்றுகூட இல்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே சபைக்கு ஓடினான்.

“மகாராஜா, டிபென்டன்சி உடைஞ்சு கிடக்கு. பேக்கேஜ்னு பேர் மட்டும் இருக்கு, உள்ளே…”

ராஜா கனகமார்த்தாண்டர் கொட்டாவி விட்டார். “நீ சொல்றது ஒரு எழுத்துகூடப் புரியலை. பண்டிதரே, மெஷின் என்ன சொல்லுது?”

“எல்லாம் பச்சை, மகாராஜா! கோளாறு மெஷின்ல இல்லை, மடை பார்க்கிறவன்கிட்ட” என்றார் பண்டிதர், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு.

ராஜா தும்மினார். புகழ்மாலை முழங்கியது. ராஜாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “குழைக்காதா, பொழுது சாயறதுக்குள்ளே மடை திறக்கணும். இல்லேன்னா நீ சீமையை விட்டே போயிடணும். அதுக்காக இந்தப் பாட்டு நிக்கக் கூடாது. பண்டிதர் மெஷின்ல நீ கை வைக்கவும் கூடாது.”

கை வைக்காமல் எதைத் திறப்பது, மந்திரம் போட்டா? குழைக்காதனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மத்தியானம் பண்டிதருக்குச் ‘சர்வயந்திர சக்கரவர்த்தி’ என்று பட்டம் கொடுத்து விருந்தாம். வாசலில் ஜனங்கள் தண்ணீருக்குத் தவிக்க, இவருக்குப் பால் பாயசமாம். அதை நினைத்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

“போறதுக்கு முன்னாடி ஒரே ஆசை, மகாராஜா. பண்டிதர் இலைக்கு நானே பரிமாறணும்.”

“செய்யட்டுமே. இப்பவாவது மரியாதை தெரிஞ்சுதே” என்று பண்டிதர் மீசையை நீவிக்கொண்டார்.

விருந்துக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிறு அவருடையது. ராஜா இலையில் ஆவி பறந்தது. பண்டிதர் இலையில் குழைக்காதன் ஒவ்வொன்றாகக் காகிதத் துண்டுகளை வைத்தான். ‘சோறு.’ ‘பருப்பு.’ ‘நெய்.’ ‘அவியல்.’ ஓரமாகப் ‘பால் பாயசம்.’

“என்னடா இது?”

“விருந்துங்க.”

“சோறு எங்கேடா?”

“இதோ, சோறுன்னு கொட்டை எழுத்துல இருக்குங்களே. நெய் விட்டிருக்கேன், பிசைஞ்சு சாப்பிடுங்க.”

ராஜா கையை நிறுத்தினார். “என்ன விளையாட்டு, குழைக்காதா?”

“மகாராஜாவே கேட்டுப் பாருங்க. சோறு இருக்கா? இருக்கு. பாயசம் இருக்கா? அதுவும் இருக்கு. குறை ஒண்ணுமில்லை. ஐயா இன்னும் சாப்பிடலேன்னா, கோளாறு ஐயா வாயிலதான் இருக்கணும்.”

பண்டிதர் வயிறு பந்திக்கே கேட்கும்படி கடமுடவென்றது. மனுஷருக்குப் பொறுக்கவில்லை. “அட முட்டாளே! பேரை எழுதி வச்சா வயிறு நிறையுமா? உள்ளே ஒண்ணுமில்லாம வெறும் பேரை வச்சு ஏமாத்துறவனைச் சும்மா விடலாமா, மகாராஜா?”

“கூடாதுன்னுதான் நானும் சொல்றேன்” என்றான் குழைக்காதன். “மடை புரோகிராமுக்கு ஐயா போட்டிருக்கிற இலையும் இதேதான், மகாராஜா. துணைன்னு பேர் இருக்கு, உள்ளே காலி. அது பட்டினி கிடக்கு. அதான் மடை திறக்கலை.”

இந்தத் தடவை ராஜாவுக்கு எழுத்துக்கு எழுத்துப் புரிந்தது. “பண்டிதரே, அந்தப் பேக்கேஜைத் திறங்க.” திறந்தார். காலி.

“பாஸ்வேர்டை அவன்கிட்டக் கொடுங்க.”

குழைக்காதன் பழைய துணையைத் தேடி எடுத்தான். மெஷினுக்குள்ளேயே தனி அறை ஒன்று தடுத்து, மடை புரோகிராமையும் அதன் பழைய துணையையும் அங்கே குடிவைத்தான். வெளியே புகழ்மாலை அதன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பொழுது சாயுமுன் மடை திறந்தது. தண்ணீரைக் கண்ட ஜனங்கள் போட்ட கூச்சலில் அந்தப் பாட்டு யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் சபையில் பண்டிதர் நெளிந்தார். “மகாராஜா… அந்தப் பட்டம்?”

“சொன்ன சொல் தவறுவேனா? இந்த நிமிஷத்திலேருந்து நீங்க சர்வயந்திர சக்கரவர்த்திதான்.” பண்டிதர் பூரித்துப் போய்க் கும்பிட்டார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் சொன்னார்: “மெஷின், சம்பளம், அதிகாரம் எல்லாம் குழைக்காதனுக்கு. உங்களுக்குப் பேர் மட்டும் போதுமில்லே?”