சாமான் அறையில் சுடுசோறு

தவமலர் அகதியாகக் கனடாவுக்கு வந்தவள். அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள், கிடைத்த நேரத்தில் கதை எழுதினாள், மிச்ச நேரத்தில் முதலாளிமாரின் நித்திரையைக் கெடுத்தாள். அவளிடம் எழுதப் பழக வந்த சீடர் அவளைவிட மூத்தவர்: ஊரில் அவளுக்கே கணக்குப் படிப்பித்த கனகசபாபதி மாஸ்டர். அன்றைக்குக் கணக்குப் பிழைத்தால் அவளை வகுப்பு வாங்கில் ஏற்றி நிறுத்தியவர், இன்றைக்கு அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு பெரிய கட்டடத்தைத் துப்புரவு செய்யும் நம் பெண்களுக்கு உட்கார்ந்திருந்து சாப்பிட இடமில்லை; துடைப்பமும் வாளியும் அடுக்கிய சாமான் அறையில்தான் சாப்பாடு. தட்டிக் கேட்டால் வேலை போய்விடுமென்ற பயத்தில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தவமலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கதை கேட்கக் கூப்பிட்டாள்.

முதலில் மாஸ்டர் தன் கதையை வாசித்தார். அவர்கள் சாப்பாட்டுக்குப் படும் பாட்டை விசாரித்து, சரிபார்த்து எழுதிய கதை. கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். பெண்கள் மரியாதையாகக் கைதட்டிவிட்டுக் கைப்பைகளைத் தேடினார்கள். மாஸ்டருக்கு மனம் விட்டுப்போயிற்று.

"நில்லுங்கோ, நானும் ஒண்டு சொல்லுறன்," என்றாள் தவமலர். "மத்தியானம். சாமான் அறையிலை எல்லாரும் வட்டமா இருந்து, சுடச்சுடச் சோறும் கறியும்..."

"பிழை, பிழை," என்று மாஸ்டர் முணுமுணுத்தார்.

"வட்டமா இருந்தோ?" பின்வரிசையிலிருந்து ஜெசிந்தா கத்தினாள். "ஒராள் இருக்கிறதெண்டாலே வாளியைக் கவிழ்க்கவேணும்!"

"சுடச்சுடவோ?" என்றாள் இன்னொருத்தி. "மைக்ரோவேவைத் தொட விடமாட்டாங்கள். கறி மணக்குதாம்."

"அப்ப எப்பிடிச் சாப்பிடுறனியள்?" தவமலர் ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"நிண்டுகொண்டு! ஆறிக் குளிர்ந்த சோறு, பக்கத்திலை கக்கூஸ் கழுவுற மருந்து!"

அவ்வளவுதான், கூட்டம் சந்தையாகிவிட்டது. ஒருத்தி சொல்ல மற்றவள் திருத்தினாள், ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். கடைசியில் ஜெசிந்தா எழுந்தாள்.

"நாளைக்கு நான் கீழ வரவேற்பறைச் சோபாவிலை இருந்துதான் சாப்பிடப்போறன். ஆரார் வாறியள்?"

மறுநாள் எல்லோரும் சோபாவுக்குப் போனார்கள். ஜெசிந்தா கருவாட்டுக் குழம்பு கொண்டுபோயிருந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்த மேலாளர், பின்னேரத்துக்குள் மேசை கதிரையோடு ஓர் அறையைத் திறந்துவிட்டார். கருவாடு வாழ்க.

சேதி கேட்டு மாஸ்டரும் துள்ளிக் குதிக்காத குறைதான். ஆனால் ஒரு கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

"பிள்ளை, நீரும் அந்தச் சாமான் அறையிலை நிண்டு சாப்பிட்டனீர்தானே?"

"ஓம் மாஸ்டர். கன காலம்."

"பிறகேன் அவ்வளவு பிழை விட்டனீர்? என்ரை கதையிலை ஒரு பிழை இருந்ததோ?"

தவமலர் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"இல்லை மாஸ்டர், நூற்றுக்கு நூறு. அந்தப் பெண்டுகள் சொல்லுறதுக்கு நீங்கள் ஒண்டும் மிச்சம் விடேல்லை."