அஞ்சாம் பக்கத்து வகுப்பு

பீடி சுற்றும் பெண்களுக்குச் சாயங்காலத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள் மரியபுஷ்பம் டீச்சர். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டீஸ் என்று அவரவர் கேட்டதுதான் அன்றைக்குப் பாடம். அவர்களில் கெட்டிக்காரி இசக்கியம்மாள். ஆனால் லேசில் வாயைத் திறக்கமாட்டாள்.

ஒருநாள் மேற்பார்வை அதிகாரி தணிகாசலம் வந்து பாடப் புத்தகத்தைப் புரட்டினார்.

"மூணு மாசத்துல அஞ்சாம் பக்கம்தானா? அஞ்சு பக்கம் படிச்சவளுக்கு ஒரு வரி எழுத வருமா? புத்தகத்தை விட்டுட்டு நீங்களா பாடம் வைக்க யாரு சொன்னது? வகுப்பை மூடியாச்சுன்னு மேல போற நோட்டுல எழுதி வைங்க டீச்சர். வந்து கையெழுத்துப் போடுறேன்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். டீச்சர் நோட்டைத் திறந்தாள்; எழுத மனம் வரவில்லை. இசக்கியம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தவர் செல்போனில் பேசிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார். எந்தத் தாளையும் படித்துப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை.

"வாசிக்கட்டுமா சார்?" என்றாள் இசக்கியம்மாள். "வகுப்பு நல்லா நடக்குது. என்ன படிக்கணும்னு டீச்சரும் பொம்பளைகளும் சேர்ந்தே முடிவு பண்ணலாம்."

"யாரு எழுதினது இது?"

"நான்தான் சார். இதை அடிச்சீங்கன்னா, அஞ்சு பக்கம் படிச்சவ எப்படி எழுதினான்னு மேல கேப்பாங்க. படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்கன்னும் கேப்பாங்க."

தணிகாசலம் விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். எழுதியதை அடிக்காமல் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டீச்சர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். "நாளைக்கு என்னடி படிக்கலாம்?"

"சாரோட கையெழுத்தைத்தான் டீச்சர். இந்த நோட்டுல அது ஒண்ணுதான் எனக்கு விளங்கலை."