மூன்று விருந்துக்கும் ஒரே அரிசி

மன்னர்கள் ஏரியை வெட்டிவிட்டு, அதன் காவலை ஊராரிடமே விட்டுவைத்த காலத்தில், கோரையூர் என்றொரு ஊர் இருந்தது. ஒரு போகத்தின் தொடக்கத்தில் ஏரிக்கரையில் கூடியவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். தலைமடை வீட்டார் பன்னிரண்டு பேர். நடுமடை வீட்டார் பதினாறு பேர். கடைமடை வீட்டார் பன்னிரண்டு பேர். ஆக, நாற்பது வீட்டுக்கு நாற்பது பேர். ஒரு நாயும் வந்திருந்தது. அதற்கு நிலம் இல்லை.

ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு மடைக்காவலரை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அந்தப் பதவியைக் கேட்பவர் ஊருக்கு ஒருநாள் விருந்து வைக்க வேண்டும். இம்முறை சாத்தன், ஆரூரன், கண்டன் என்ற மூவர் கேட்டார்கள். ஊருக்கே சோறு போடும் வசதி மூவருக்கும் இல்லை.

தலைமடையில் கரும்பு வைத்திருந்த வணிகர் அழகாண்டார், சாத்தன் வீட்டுக்குப் போனார். அரிசி தன்னுடையது, பெயர் அவனுடையதாக இருக்கட்டும் என்றார். ஆரூரன் வீட்டுக்குப் போய் அதையே சொன்னார். கண்டன் வீட்டுக்கும் போனார். ஒருவனுக்குக் கொடுத்தது மற்றவனுக்குத் தெரியாது.

மூன்று விருந்தும் நடந்தன. ஊர் நன்றாகச் சாப்பிட்டது. சாத்தன் வென்றான்.

அந்தப் போகத்தில் மழை குறைவு. சாத்தன் கரும்புக்கு மூன்று முறை நீர் விட்டான், நடுமடைக்கு ஒரு முறை விட்டான், கடைமடைக்கு விடவேயில்லை. கடைசி வயல் நங்கை என்பவளுடையது. அவள் நட்ட பயிர் மஞ்சளாகி, பிறகு வைக்கோலாயிற்று. இன்னும் ஒரு விதைப்புக்குத்தான் அவளிடம் நெல் இருந்தது. அதுவும் காய்ந்தால் ஊரைவிட்டே போக வேண்டும்.

நங்கை சாத்தனிடம் போய், அடுத்த விதைப்புக்காவது நீர் கேட்டாள். "அழகாண்டார் அரிசியைத்தானே அக்கா ஊருக்குப் போட்டேன். அவருக்கு நீரை எப்படி மறுப்பேன்?" என்றான்.

ஆரூரனிடம் போனாள். அடுத்த முறை அவன் வந்தால் நீர் விடுவானா என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, தனக்கும் அவர்தான் கொடுத்தார் என்றான்.

கண்டனிடம் போனாள். அவனிடமும் அதையே கேட்டாள். அவள் கிளம்பியபோதுதான், "என் விருந்தில் பாயசமும் அவருடையது" என்றான்.

அடுத்த போகத்துக்கு ஊர் கூடியது. மூவரும் தன்னிடம் சொன்னதை நங்கை எல்லார் முன்னும் சொன்னாள். மூவரும் மறுக்கவில்லை. தங்கள் வயலும் வாடியதை நடுமடைக்காரர்கள் அப்போதுதான் அதோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

"இனி மூவருக்கும் சேர்த்து ஒரே விருந்து. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. அதற்கு மேல் யாரிடமும் வாங்கக் கூடாது," என்றாள் நங்கை. ஊர் ஒப்புக்கொண்டது.

விருந்தன்று அழகாண்டார் வண்டியில் மூன்று மூட்டை கொண்டுவந்தார். நங்கை ஒரு மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டாள்.

"மூன்று மூட்டைக்கு ஒரு பிடிதானா?" என்றார் அவர்.

"வீட்டுக்கு ஒரு பிடி, ஐயா. உங்களுக்கு மூன்று வீடு இருந்தால் மூன்று பிடி போடுங்கள்."

அவருக்கு இருந்தது ஒரே வீடு.

நாற்பது பிடி அரிசி ஊருக்குக் கஞ்சியாகத்தான் ஆயிற்று. அதுவும் நீர்த்த கஞ்சி. யாருக்கும் வயிறு நிறையவில்லை. பிறகு தேர்ந்தெடுத்தார்கள். இம்முறையும் சாத்தனே வென்றான்.

ஆனால் அவன் இப்போது நாற்பது வீட்டுக் கஞ்சியைக் குடித்தவன். கரும்புக்கு ஒரு முறை விட்டான், நடுமடைக்கு ஒரு முறை விட்டான், கடைமடைக்கும் ஒரு முறை விட்டான். நங்கையின் வயலில் கதிர் முற்றியது.

ஆள்பவனின் செலவை ஒருவர் ஏற்றால் அவன் அந்த ஒருவருக்கே ஆள்வான், எல்லாரும் ஏற்றால்தான் எல்லாருக்கும் ஆள்வான்.

விருந்தன்று அழகாண்டாரின் வண்டியில் திரும்பிப் போனவை: முழு மூட்டை இரண்டு, ஒரு பிடி குறைந்த மூட்டை ஒன்று.