வழுக்கை, குறட்டை, கிரீடம்

பூவந்திபுரத்து ராஜா அழகியவர்மர் நல்லவர்தான். ஆனால் மந்திரி நாகதேவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார். அந்த நாகதேவருக்கோ, சபையைச் சிரிக்க வைக்கும் மாசாத்தனைக் கண்டாலே ஆகாது.

ஒரு நாள் மந்திரி ராஜாவின் காதைக் கடித்தார். “பிரபு, சபையில் கூட்டம் அதிகமாகிவிட்டது. தலையும் வழுக்கையாக இருந்து, சபையில் குறட்டையும் விடுகிறவர்களை ஊரை விட்டே அனுப்பிவிடலாம்.”

இரண்டும் சேர்ந்த ஆள் மாசாத்தன் ஒருவன்தான் என்று மந்திரிக்குத் தெரியும். ராஜாவுக்குத் தெரியாது. “பலே! சபைப் பட்டியலில் ஒரு பெயரைக்கூட விடக் கூடாது” என்று ஆணை போட்டுவிட்டார்.

மாசாத்தனுக்குச் சூழ்ச்சி புரிந்துவிட்டது. ஐந்து பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவான்? இருந்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தான்.

“ஆள் பொறுக்கும் வேலையை நானே செய்கிறேன், பிரபு. இடது கை குறட்டைக்கு, வலது கை வழுக்கைக்கு. ஆமென்றால் மொச்சைக்கொட்டை, இல்லையென்றால் புளியங்கொட்டை. இரண்டு கையிலும் மொச்சை இருப்பவன் வெளியே போகட்டும்.”

கொட்டைகள் வந்தன. சேனாபதிக்கு இடது கையில் மட்டும் மொச்சை. குறட்டை இடி மாதிரி, ஆனால் முடி கொத்துக் கொத்தாக இருந்தது. தப்பித்தார். தலைமைச் சமையல்காரருக்குப் பளபளவென்று வழுக்கை, ஆனால் சபையில் கண்மூடியதே இல்லை. அவரும் தப்பித்தார். இரண்டு கையிலும் மொச்சையோடு நின்றவன் மாசாத்தன் மட்டும்தான்.

“அப்புறம் என்ன? கிளம்பு!” என்றார் மந்திரி.

“முதல் பெயர் பாக்கி இருக்கிறதே, சுவாமி.”

அந்த நாட்டு வழக்கப்படி சபைப் பட்டியலில் முதல் பெயர் ராஜாவுடையது. மாசாத்தன் அவர் இடது கையில் பணிவாக ஒரு மொச்சையை வைத்தான். நேற்று சபையில் அவர் விட்ட குறட்டையில் பட்டத்து யானையே மிரண்டிருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

“வலது கையில் எதை வைக்க, பிரபு? கிரீடத்துக்கு அடியில் இருப்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. தெரியாததற்கு ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் கழற்றினால்...”

ராஜா இரண்டு கையாலும் கிரீடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “நாகதேவரே! ஏதாவது செய்யும்!”

மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. “மூன்றாவதாக ஒன்று சேர்ப்போம், பிரபு! வழுக்கையும் இருக்க வேண்டும், குறட்டையும் விட வேண்டும், தலையில் கிரீடமும் இருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால்தான் வெளியே!”

“அப்பாடா! அதுவே ஆணை” என்றார் ராஜா.

மாசாத்தன் எடுத்தான் ஓட்டம். சபையில் ஆட வந்திருந்த கூத்துக்காரரின் மரக் கிரீடத்தைப் பிடுங்கித் தன் மண்டையில் கவிழ்த்துக்கொண்டான். அது கண்ணையும் மறைத்து மூக்கில் வந்து நின்றது.

ராஜா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அவருடைய கிரீடம் நழுவி, உருண்டு, மந்திரியின் காலடியில் போய் விழுந்தது.

சபையே பார்த்தது. மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

மாசாத்தன் மரக் கிரீடத்தைச் சற்றே தூக்கி எட்டிப் பார்த்தான்.

“மந்திரியாரே, மூன்றும் பொருந்தியவர் கிடைத்துவிட்டார். ஊர் எல்லை வரைக்கும் நீங்கள் கூட்டிப்போகிறீர்களா, நான் கூட்டிப்போகட்டுமா?”