நின்று குடித்தவர்

ஜவ்வாது மலையடிவாரத்து மடத்தின் குரு ஒரு பெண். வயது நாற்பத்தொன்று. சிஷ்யை பூங்காவனத்துக்கு ஐம்பத்தொன்பது. குரு அவளை அம்மா என்பார், அவள் குருவைத் தாயே என்பாள். இருவரில் யார் பெரியவர் என்று யாராவது கேட்டால், குரு எதிரே இருக்கும் மலையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பூங்காவனத்தின் கணவர் ஏகாம்பரம் ராணுவத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். அதன்பிறகு பதினாறு வருடம் வீட்டோடு இருந்தார். போன ஆவணியில் மாரடைப்பு வந்து ஒரே நாளில் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து அவள் மடத்துக்கு வர ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து காய் நறுக்குவாள், பாடம் கேட்பாள். ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. கேட்டவர்களெல்லாம் குருவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறாள்.

இந்த வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டாள்.

"தாயே, போனவங்களுக்கு நன்றி சொன்னா அவங்களுக்குக் கேக்குமா?"

குரு தோட்டத்தில் மண் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாருக்குச் சொல்லணும்?"

"எங்க ஊட்டுக்காரருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை வருசத் தெவசம். அவரோட பட்டாளத்துக் கூட்டாளிங்க வர்றாங்க. நீயும் ரெண்டு வார்த்தை பேசும்மான்னு பொண்ணு சொல்றா."

"பேசுங்களேன்."

"மருமகன் எழுதிக் குடுத்திருக்காரு. 'நாட்டைக் காத்த மாவீரரே'ன்னு ஆரம்பிக்குது. அந்த ஆளை எனக்குத் தெரியாது தாயே. எனக்குத் தெரிஞ்சவரு கரப்பான்பூச்சியைப் பாத்தா கட்டில் மேல ஏறிக்குவாரு."

குரு சிரித்தார். பூங்காவனமும் சிரித்தாள், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பொண்ணு நல்லா பேசுவா. காரியத்தன்னிக்கே பேசினா. அவ சின்னப் புள்ளையா இருந்தப்ப அவரு எல்லையில இருந்தாரு. திரும்பி வந்ததும், பன்னண்டாவது படிக்கிற பொண்ணை உக்கார வெச்சு ஜடை பின்னி உட்டாரு. கோணலாத்தான் வரும். அவளும் அவுக்காம அப்படியே பள்ளிக்கூடம் போவா. அதைச் சொல்லி, 'ரொம்ப நன்றிப்பா'ன்னு படத்தைப் பாத்துக் கும்பிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. வாய் வரல."

"துக்கமா?"

"துக்கம் இருக்குது. அதுக்கும் மேல சந்தோசம் இருக்குது தாயே. நான் கொடுத்து வெச்சவ. ஒரு நாள் கை ஓங்கினதில்ல. நான் தூங்கட்டும்னு அவரே எழுந்து வாசல் தெளிச்சுக் கோலம் போடுவாரு. ரெண்டு வரிசை புள்ளி வெச்சிட்டு, மேல தெரியாம முழிச்சிக்கினு இருப்பாரு. தெருவே சிரிக்கும். இப்படிப்பட்ட மனுசன்கிட்ட நான் ஒரு நல்ல வார்த்தை பேசினதில்ல. கத்தினதுதான்."

"எதுக்குக் கத்துவீங்க?"

"டீ குடுத்தா நின்னுகிட்டே குடிப்பாரு. அடுப்பாண்ட, கதவுல சாஞ்சிகிட்டு. இன்னும் என்ன டியூட்டியா, உக்காருங்கன்னு கத்துவேன். அப்புறம்தான் உக்காருவாரு. மறுநாளும் அதே கூத்து. பதினாறு வருசம்." அவள் குரல் தாழ்ந்தது. "கடைசி நாளும் அதைத்தான் சொன்னேன். நன்றின்னு ஒரு வார்த்தையை என் வாயால கேக்காமலே போயிட்டாரு."

குரு எழுந்து உள்ளே போனார். இரண்டு சொம்பில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். மற்றதை, தூணில் சாய்ந்து நின்றபடி குடிக்க ஆரம்பித்தார்.

பூங்காவனத்துக்குக் கூழ் இறங்கவில்லை. விடிந்ததிலிருந்து மண் வெட்டிய மனுஷி எதிரே நின்றுகொண்டு குடித்தால் யாருக்கு இறங்கும்? பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"உக்காருங்க தாயே. காலையிலேர்ந்து நின்னது போதாதா?"

குரு உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். மிச்சக் கூழை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"சுகமா இருக்குதும்மா," என்றார். "என்னைப் பாத்தா எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. உக்காருன்னு சொல்றவங்க யாரும் இல்ல."

பூங்காவனம் கையில் சொம்போடு அவரையே பார்த்தாள்.

"அவரு எங்க போனாலும் நின்னுதான் குடிப்பாரா?" என்று கேட்டார் குரு.

"இல்லியே. டீக்கடையில மொத ஆளா பெஞ்சு புடிப்பாரு. பொண்ணு ஊட்டுக்குப் போனா சோபாவுல சாஞ்சிக்குவாரு. எம் முன்னாடி மட்டும்தான்..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

குரு கீரையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருசம் அவரை நில்லுன்னுதான் சொல்லியிருப்பாங்க," என்றார். "உக்காருங்கன்னு நீங்க சொல்றதைக் கேக்கத்தாம்மா அவரு தினமும் நின்னாரு."