ஆள் ஏறிய பின் உயரம்

நாச்சிமுத்து எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தொன்பதாவது வயதில் டிராக் ரேஸ் ஓட்டக் கிளம்பினார். நேர்ச்சாலை, நானூறு மீட்டர், இரண்டு கார். முதலில் போய்ச் சேருகிறவருக்கு வெற்றி.

அவருக்கு ஆசான் பிலோமினா. வயது முப்பத்துமூன்று. பந்தயக் கார்களுக்கு ஸ்பிரிங் மாற்றி உயரம் வைப்பதில் கோவையில் அவருக்குப் பெயர் உண்டு. பொறுமையில் கிடையாது.

தன் காரைத் தன் கையாலேயே தயார் செய்ய வேண்டும் என்பது நாச்சிமுத்துவின் ஆசை. சிக்கல் ஒரு விதியில் இருந்தது. ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும்போது காரின் அடிப்பகுதி தரையிலிருந்து மூன்று அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு பந்தயங்களில் அவரைச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூன்றாவது பந்தயம். அறுபது ஆனவர்களுக்கு அனுமதி இல்லை. அவருக்கு அடுத்த மாதம் அறுபது.

அன்று காலை முன்பக்கம் இரண்டு ஸ்பிரிங்கும் புதிதாக மாற்றியிருந்தார்.

"உயரம் எத்தனை வெச்சீங்க சார்?" என்று கேட்டார் பிலோமினா.

"மூணேகால் வெச்சனுங்க அம்மிணி. போன தடவையும் அதேதான். அங்க போனா ரெண்டே முக்கால்ங்கறாங்க. அவங்க டேப்பு தப்பு. சர்வீஸ்ல இருந்திருந்தா கேஸ் போட்டிருப்பேன்."

"ஜாக்கியை எறக்கினதும் காரை உருட்டினீங்களா? உருட்டாம ஸ்பிரிங் உக்காராது."

"முன்னாடி ரெண்டு வாட்டி, பின்னாடி ரெண்டு வாட்டி. நீங்க சொன்ன மாதிரியேதானுங்க."

பிலோமினா காருக்குள் எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் சீட்டில் மூன்று மணல் மூட்டைகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன.

"இது யாரு?"

"நானுங்க. எழுபத்தஞ்சு கிலோ."

"எந்த வருசத்து நீங்க?"

நாச்சிமுத்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வேலைல சேர்ந்தப்ப எடுத்ததுங்க."

"ஊர்ல இருக்கற தராசெல்லாம் புடிச்சீங்க. ஒண்ணுலயாவது ஏறி நின்னீங்களா?"

மூட்டைகள் வெளியே போயின. நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார். கார் நன்றாகவே அமுங்கியது. உடனே கதவைத் திறந்து இறங்கினார். மண்டியிட்டு டேப்பை நீட்டினார்.

"நாலரை! பாருங்க அம்மிணி!"

"சார், நீங்க வெளிய இருக்கீங்க."

மறுபடி ஏறினார். இந்த முறை இறங்கவில்லை. கதவு வழியாகத் தலைகீழாகத் தொங்கி அளந்தார். கார் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"ஐயய்யோ, ரெண்டரை!"

"நாளைக்குத் தொங்கிட்டேதான் ஓட்டப் போறீங்களா?"

மூன்றாம் முறை சீட்டில் பாதி உட்கார்ந்தபடி மெல்ல ஒரு காலைத் தரையில் ஊன்றினார். கார் எழும்பியது.

"ஒரு கால்தானுங்க எறக்கினேன்."

பிலோமினா கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் எறிந்தார். "டேப்பைக் குடுங்க."

நாச்சிமுத்து கொடுக்கவில்லை.

"பேசாம நாலு அங்குலம் ஏத்திரலாமுங்க. வம்பே இல்ல."

"ஏத்துங்க. கிளம்பறப்ப மூக்கு தூக்கும். முன் சக்கரத்துக்குப் பிடி இருக்காது. பக்கத்துக் காரன் போய்ச் சேந்து டீ குடிச்சிட்டு இருப்பான்."

"நான் கண்ணால பாக்காத ஒரு அளவுக்கும் முப்பது வருசத்துல கையெழுத்துப் போட்டதில்லீங்க அம்மிணி."

"அப்ப அந்த மூட்டையவே ஓட்டச் சொல்லுங்க."

பிலோமினா குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அவர் சோப்புப் போடுவார். திரும்பி வந்தபோது கார் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. கையில் டேப்.

பிலோமினா தரையில் படுத்தார்.

"ரெண்டே முக்கால்."

"சரியாப் பாத்தீங்களா?"

பிலோமினா எழுந்து ஜாக்கியை அவர் பக்கம் தள்ளினார்.

நாச்சிமுத்து இறங்கினார். ஜாக்கி போட்டு, ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை இரண்டு பக்கமும் மேலே திருகினார். இறக்கினார், உருட்டினார், ஏறி உட்கார்ந்தார்.

"மூணுக்கு ஒரு நூல் கம்மி."

மீண்டும் இறங்கினார். திருகினார், உருட்டினார், ஏறினார்.

"மூணேகால். தொடாதீங்க."

"ஒரே ஒரு வாட்டி நானு..."

"தொடாதீங்கன்னேன்."

மறுநாள் காலையில் பந்தயத் திடலில் வரிசை நீளமாக இருந்தது. நாச்சிமுத்து ஹெல்மெட் மாட்டி, தோளிலும் இடுப்பிலும் பெல்ட் இறுக்கி உட்கார்ந்திருந்தார். சோதிப்பவர் மூன்று அங்குல மரக்கட்டை ஒன்றைக் காருக்கு அடியில் தள்ளினார். உள்ளே இருந்தவருக்கு மரம் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கட்டை மறுபக்கம் வெளியே வந்தது. சோதிப்பவர் காரின் முன்கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார்.

முன்னால் நின்ற கார் தொடக்கக் கோட்டுக்குப் போயிற்று.

கதவருகே பிலோமினா நின்றிருந்தார். நாச்சிமுத்துவின் கை பெல்ட் கொக்கிக்குப் போனது.

"ஒரே நிமிசமுங்க அம்மிணி. எறங்கி எத்தனை இருக்குதுன்னு பாத்துட்டு ஏறிக்கறேன்."

பிலோமினா கதவை வெளியிலிருந்து அழுத்திச் சாத்தினார்.

"நீங்க எறங்கிப் பாத்தா அது வேற கார் சார்."